வாசலுக்கு இரண்டு காவலா?

தொழிலாளி வீட்டுக்குள்ளும் இன்று கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பிள்ளைகளின் படிப்புக்கு என்றுதான் வந்தது. 2011ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய பிறகு, ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும்கூட அது ஒரு மூலையில் இடம் பிடித்தது. பிள்ளைகள் படித்த நேரம் போக, இப்போது அதில் வீட்டுக் காரியங்களும் நடக்கின்றன. பி.எப். கணக்கு பார்க்கிறோம். பாங்கியில் கூலி விழுந்ததா என்று பார்க்கிறோம். மின்சாரக் கட்டணம் கட்டுகிறோம். ஆக, அந்தச் சின்னப் பெட்டிக்குள் நம் வீட்டுப் பெட்டிச் சாவியும் சேர்ந்து இருக்கிறது. அதற்குக் காவல் வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. எந்தக் காவல், யார் கொடுத்த காவல், அதற்கு என்ன விலை என்பதே கேள்வி.

சென்ற மாதம் ஒரு தோழர் வீட்டுக்குப் போயிருந்தோம். மில்லில் ரிங்பிரேமில் வேலை செய்கிறவர். மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்காகக் கைமாறிய மடிக்கணினி ஒன்று வாங்கியிருந்தார். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே அதன் திரையில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்து நின்றது. "உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது. உடனே பணம் கட்டிப் புதுப்பியுங்கள்" என்பது அதன் சாரம். மடிக்கணினியை விற்ற கடைக்காரர் போட்டுக்கொடுத்த ஃபயர்வால் அது. ஓராண்டுச் சந்தா தீர்ந்துவிட்டது. தோழர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மூன்று நாள் கூலி!

"கட்டாவிட்டால் பாங்கியில் இருப்பது போய்விடும் என்கிறார்களே தோழர்? விண்டோஸோடு கூட வருகிற காவல் சும்மா பெயருக்குத்தான் என்கிறார்களே? கட்டத்தான் வேண்டுமா?" என்று கேட்டார்.

நாம் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. விஷயம் தெரிந்தவர்களிடம் விசாரித்தோம். படித்துப் பார்த்தோம். இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் இருக்கிறது என்று தெரிந்ததால், பதிலை இங்கே எழுதுகிறோம்.

சுவர் என்றால் என்ன?

பஞ்சு மில்லில் வேலை செய்பவர்களுக்குத் தீயைப் பற்றி நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. புளோரூமில் ஒரு பொறி பறந்தால் போதும். அது பஞ்சு குடோனுக்குத் தாவாமல் இருக்க நடுவே கனத்த சுவர் வேண்டும். தீ ஒரு பக்கம் பிடித்தாலும் மறுபக்கம் தப்ப வேண்டும். அந்தச் சுவரின் பெயரைத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஃபயர்வால் என்றால் தீச்சுவர்.

பெயர்தான் சுவர். செய்யும் வேலையோ மில் வாசலில் நிற்கும் வாட்ச்மேனுடைய வேலை.

இண்டர்நெட்டில் எந்தச் செய்தியும் முழுதாக வருவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எங்கிருந்து வருகிறது, யாருக்கு, எந்த வாசலுக்கு என்று எழுதியிருக்கும். அந்த வாசலுக்குப் போர்ட் என்று பெயர். 65,535 வரை அவற்றுக்கு எண் உண்டு. பாங்கியின் கம்ப்யூட்டர் 443ஆம் வாசலில் நம்மை எதிர்பார்த்து நிற்கிறது. ஓர் ஆபீசில் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பைல்களை மாற்றிக்கொள்வது 445ஆம் வாசலில்.

தீச்சுவர் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலுரையையும் படிக்கிறது. நாம் இங்கிருந்து ஒன்றைக் கேட்டு அனுப்பினால் அதைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அதற்குப் பதிலாக வருவதை உள்ளே விடுகிறது. கேட்காமல் தானாக வந்து கதவைத் தட்டுவதைத் திருப்பி அனுப்புகிறது. இதுதான் உள்வாசல் காவல்.

வெளிவாசல் காவல் என்று இன்னொன்று உண்டு. ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது மடியைத் தட்டிப் பார்த்து அனுப்பும் வழக்கம் மில் தோழர்களுக்குத் தெரியும். அதுபோல, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஏதாவது ஒரு மென்பொருள் நமக்குத் தெரியாமல் நம் தகவலை வெளியே கடத்துகிறதா என்று பார்ப்பது. இந்த இரண்டு காவலையும் பிரித்துப் பார்த்தால்தான் விவகாரம் புரியும்.

கூட வரும் சுவரும் கடைச் சுவரும்

விண்டோஸ் கம்ப்யூட்டரோடு அதன் சொந்தத் தீச்சுவர் கூடவே வருகிறது. யாரும் தொடாதவரையில் அது உள்வாசலை அடைத்து வைக்கிறது. அனுமதி பெற்ற மென்பொருள்களுக்கு மட்டும் திறக்கிறது. வெளிவாசலில் அது பொதுவாக யாரையும் நிறுத்துவதில்லை. நாம் விதி எழுதிவைத்தால் நிறுத்தும். எழுதாவிட்டால் போக விடும்.

மற்றக் கம்பெனிகள் விற்கும் கடைச் சுவரும் உள்வாசலில் இதே வேலையைத்தான் செய்கிறது. அதற்கு மேல் அவற்றில் பல, வெளிவாசலில் நின்று, "இன்ன மென்பொருள் வெளியே போகப் பார்க்கிறது, விடலாமா?" என்று நம்மைக் கேட்கின்றன. எது எங்கே போகிறது என்று படம் போட்டுக் காட்டுகின்றன. வித்தியாசம் பிரதானமாக இவ்வளவுதான். உள்வாசல் காவலைப் பொறுத்தவரை சாதாரண வீட்டுக்கு இரண்டும் ஒன்றே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2007ல் பொது விற்பனைக்கு வந்த விஸ்டா முதல், வெளிக் கம்பெனிகளின் சுவர்களில் பல, விண்டோஸ் தனக்குள்ளேயே கட்டிவைத்த அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கின்றன. கீழே வேலை செய்கிற இயந்திரம் அதேதான். மேலே வர்ணமும் கேள்விப் பலகையும் வேறு.

ஒரு காலத்தில் தேவைப்பட்டது

அப்படியானால் கடைச் சுவர் எந்தக் காலத்திலும் வீண்தானா? இல்லை. அப்படிச் சொல்வது உண்மைக்கு விரோதம்.

2001ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. அதற்குள் ஒரு தீச்சுவர் இருந்தது. ஆனால் அதை அணைத்து வைத்தே விற்றார்கள்! அமைப்புப் பக்கங்களில் உள்ளே போய்த் தேடினால்தான் அதன் பொத்தானே கண்ணில் படும். கோடிக்கணக்கான ஜனங்கள் வாங்கிய வீட்டுக்குக் கதவு இருந்தது. அது திறந்தே கிடந்தது.

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் புழு வந்தது. யாரும் எதையும் திறக்க வேண்டியதில்லை, எந்தக் கடிதத்தையும் தொட வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் இண்டர்நெட்டில் சேர்ந்திருந்தாலே போதும். 135ஆம் வாசல் வழியாகத் தானே நுழைந்தது. "ஒரு நிமிஷத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிடும்" என்று எண்ணிக்கை ஓடும், நிற்கும், மறுபடி எழும், மறுபடி நிற்கும். இந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டு 2003 ஜூலையிலேயே வெளிவந்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் அகப்பட்டார்கள். 2004ல் 445ஆம் வாசல் வழியாக சாஸர் என்னும் புழு வந்தது. அதே கதை.

அந்த நாளில் ஜோன்அலாரம் போன்ற வெளிச் சுவரைப் போட்டவர்கள் புத்திசாலிகள். அதற்கு இலவசப் பதிப்பும் இருந்தது. அவர்கள் வாசல் அடைபட்டிருந்தது. மற்றவர்கள் வாசல் திறந்து கிடந்தது. அந்தக் காலத்துக்கு அது சரி.

இத்தனை சேதத்துக்குப் பிறகுதான் மைக்ரோசாப்ட் கம்பெனிக்கு ஞானம் பிறந்தது. 2004 ஆகஸ்டில் எக்ஸ்பிக்கு வந்த இரண்டாவது சர்வீஸ் பேக்கில், தீச்சுவரைத் தானாகவே இயங்கும்படி செய்தார்கள். விஸ்டாவில் வெளிவாசலுக்கும் விதி எழுதும் வசதி வந்தது. அன்றிலிருந்து நிலைமை மாறிவிட்டது. நிலைமை மாறிய பிறகும் பழைய பயத்தையே காட்டி வியாபாரம் செய்கிறார்கள் என்பதுதான் நமது ஆட்சேபம். ஆறு வற்றிய பிறகும் பரிசல் கூலி கேட்கிற கதை இது.

காவல்காரனே வாசலானபோது

"ஒன்றுக்கு இரண்டு காவல் இருந்தால் நல்லதுதானே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. தீச்சுவரும் மனிதர் எழுதிய மென்பொருள்தான். அதிலும் பிழை இருக்கும். சாதாரண மென்பொருளில் பிழை இருந்தால் அந்த மென்பொருளோடு போகலாம். காவலுக்கு நிற்கும் மென்பொருளுக்கோ வீடு முழுவதற்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறோம். அதில் பிழை இருந்தால் வீடே போகும்.

2004 மார்ச்சில் இது நடந்தது. பிளாக்ஐஸ் என்று ஒரு தீச்சுவர், அமெரிக்காவின் இண்டர்நெட் செக்யூரிட்டி சிஸ்டம்ஸ் கம்பெனி விற்றது. அதில் ஓர் ஓட்டை இருக்கிறது என்ற செய்தி பகிரங்கமானது. இரண்டு நாள் கழியுமுன் விட்டி என்னும் புழு கிளம்பிவிட்டது. அந்தப் புழு மற்றக் கம்ப்யூட்டர்களைத் தொடவில்லை. அந்தக் கம்பெனியின் காவல் போட்டிருந்த கம்ப்யூட்டர்களுக்குள் மட்டும் போனது. சுமார் 12,000 கம்ப்யூட்டர்கள். வெறுமனே பரவியதோடு நிற்கவில்லை. உள்ளே போய், வட்டில் எழுதியிருந்ததன்மேல் கண்ட இடத்தில் குப்பையை எழுதி அழித்தது. காவல் வாங்காதவன் தப்பினான். பணம் கொடுத்து வாங்கியவன் அகப்பட்டான்!

இது பழைய கதை என்று சொல்லலாம். புதிய கதையும் இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் கம்பெனியின் காவல் மென்பொருளுக்கு ஒரு பிழையான அப்டேட் வந்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகளும் பாங்கிகளும் திண்டாடின. அது வீட்டுச் சுவர் அல்ல, பெரிய ஸ்தாபனங்கள் வாங்குவது என்பது வாஸ்தவம். அன்று திருடன் ஒருவனும் வரவில்லை என்பதும் வாஸ்தவம். காவல்காரன் இடறி விழுந்தான், வீடு சாய்ந்தது. வெளிக்காவலுக்கு எவ்வளவு ஆழமாக இடம் கொடுக்கிறோம் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது கதை எல்லாவற்றையும்விட மோசம். அவாஸ்ட் என்னும் கம்பெனி காவல் மென்பொருள் விற்பது, இலவசமாகவும் கொடுப்பது. "உங்களை யாரும் வேவு பார்க்காமல் காப்போம்" என்பதே அது கொடுத்த வாக்கு. ஆனால் அதைப் போட்டுக்கொண்ட ஜனங்கள் இண்டர்நெட்டில் எங்கெங்கே போகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்பதைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்ற தன் துணைக் கம்பெனி மூலம் விற்றது. விஷயம் வெளியே வந்ததும் 2020 ஜனவரியில் அந்தத் துணைக் கம்பெனியை மூடினார்கள். 2024ல் அமெரிக்காவின் பெடரல் டிரேட் கமிஷன், 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டும்படி செய்தது. விளம்பரத்துக்காக அப்படிப்பட்ட தகவலை இனி விற்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. வாசலில் நின்றவனே வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்டுச் சந்தையில் விற்ற கதை இது.

எல்லா வெளிக் கம்பெனிகளும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. வாசலில் ஓர் ஆளைக் கூட்டினால் கூடுவது காவல் மட்டுமல்ல, நம்ப வேண்டியவர்களின் எண்ணிக்கையும் கூடுகிறது. அதைத்தான் சொல்கிறோம்.

தவிர, விண்டோஸில் முறைப்படி பதிவான ஒரு வெளிச் சுவரைப் போட்டால், பெரும்பாலும் சொந்தச் சுவர் ஒதுங்கிக்கொள்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வாசலில் நின்றால் ஒன்றையொன்று மறிக்கும். ஒன்று விடு என்கும், மற்றது விடாதே என்கும். ஆக, இரண்டு காவல் என்பதே பெரும்பாலும் வெறும் நினைப்பு. இருந்த காவலை அனுப்பிவிட்டுக் கூலிக்கு வேறு ஆள் வைக்கிறோம், அவ்வளவுதான். சந்தா தீர்ந்த அன்று எந்த ஆள் வாசலில் நிற்கிறான் என்பதை வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்ற வாதங்கள்

"கூட வருவது இலவசம், இலவசமாக வந்தது தரம் குறைவாகத்தான் இருக்கும்" என்கிறார்கள். இது தப்பான கணக்கு. விண்டோஸின் விலையில் அந்தச் சுவரின் விலையும் சேர்ந்தே இருக்கிறது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கும்போது நம்மிடம் அதை வசூலித்துவிட்டார்கள். பழையது வாங்கினால் முன்பு வாங்கியவரிடம் வசூலித்துவிட்டார்கள். கொடுத்த காசுக்கு வந்த பொருளை அணைத்து வைத்துவிட்டு, அதே வேலைக்கு வருஷா வருஷம் மறுபடி காசு கொடுப்பானேன்? மைக்ரோசாப்ட் கம்பெனி நம்மேல் உள்ள அன்பினால் இதைச் செய்யவில்லை. மூன்று வருஷம் கதவைத் திறந்து போட்டு விற்ற கம்பெனிதான் அது. நாமும் அதற்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதவில்லை. நம் காசுக்கு வந்த பொருளை நாம் உபயோகிக்க வேண்டும் என்கிறோம்.

"வெளியே போவதைத் தடுக்க வேண்டாமா?" என்பது இன்னொரு வாதம். இதில் சத்து இருக்கிறது. நமக்குத் தெரியாமல் ஒரு மென்பொருள் தகவல் கடத்தினால், வெளிவாசலில் கேள்வி கேட்கும் சுவர் அதைக் காட்டிக்கொடுக்கலாம். ஆப்பிள் கம்பெனியின் மாக் கம்ப்யூட்டரில் கூட வரும் சுவர் உள்வாசலை மட்டுமே பார்க்கிறது. வெளிவாசலைப் பார்ப்பதே இல்லை. அதனால்தான் அங்கே லிட்டில் ஸ்னிட்ச் போன்ற வெளிச் சுவரைச் சிலர் தேடி வாங்குகிறார்கள்.

ஆனால் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புதிதாகப் போட்ட அன்று அது பத்து நிமிஷத்துக்கு ஒரு கேள்வி கேட்கும். அதில் வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர் இருக்கும். விடலாமா, தடுக்கலாமா? முதல் நாள் யோசிப்போம். இரண்டாம் நாள் ஒன்றைத் தடுப்போம். பிரிண்டர் வேலை செய்யாது. மூன்றாம் நாள் முதல் கேள்வியைப் படிக்காமலே "விடு" என்று அழுத்துவோம். அதற்குப் பிறகு அந்தக் காவல் இருந்தும் ஒன்று, இல்லாமலும் ஒன்று. போதாக்குறைக்கு, வீட்டுக்குள் ஏற்கனவே வந்துவிட்ட திருடன் நேர் வாசலில்தான் போவான் என்று என்ன நிச்சயம்? அவன் காவல்காரனையே கட்டிப்போடப் பார்ப்பான். அல்லது நாம் எப்போதோ அனுமதி கொடுத்த பிரவுசரின் முதுகில் ஏறிக்கொண்டு போவான்.

ஆகவே, கேள்வியைப் படித்துப் பதில் சொல்லத் தெரிந்தவர்களுக்கு வெளிவாசல் காவல் பயன்படும். கற்றுக்கொள்ள ஆசையுள்ள பிள்ளைகளும் அதைப் போட்டுப் பார்க்கலாம், நல்ல பாடம். சம்பளத்தில் பிடித்துக் கட்ட வேண்டிய அவசியச் செலவு என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

கூரை ஒழுகும்போது

இப்போது ரிங்பிரேம் தோழர் வீட்டுக்குத் திரும்புவோம். அவர் மகளும் நாமுமாக உட்கார்ந்து அந்த மடிக்கணினியைப் பார்த்தோம். பார்த்ததில் ஒன்று தெரிந்தது. எட்டு மாதமாக விண்டோஸுக்கு ஒரு அப்டேட்கூட வரவில்லை! "அது வந்தால் மெதுவாகிவிடும் என்று கடைக்கார அண்ணன்தான் நிறுத்திவைத்தார்" என்றாள் அந்தப் பெண். வாசலுக்கு மூன்று நாள் கூலி கொடுத்துக் காவல். கூரையிலோ எட்டு மாத ஓட்டை.

இது எவ்வளவு பெரிய அபாயம் என்பதற்கு 2017 சாட்சி. அந்த ஆண்டு மே 12 அன்று வான்னாக்ரை என்னும் புழு, 445ஆம் வாசலில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்தது. பைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டைக்கான ஒட்டோ மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. இரண்டு மாத அவகாசம் இருந்தது. ஒட்டைப் போட்டுக்கொண்ட கம்ப்யூட்டருக்குள் அந்த ஓட்டை வழியாகப் புழுவால் நுழைய முடியவில்லை. 2003லும் இதே பாடம், 2017லும் இதே பாடம். அப்டேட்டுக்குத் தனிச் சந்தா கிடையாது. அதனால்தானோ என்னவோ அதைப் பற்றிக் கடையில் யாரும் நமக்குச் சொல்வதில்லை.

பழைய விண்டோஸ் வைத்திருக்கும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு ஆதரவு நின்றது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான ஆதரவு நின்றது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு என்று அறிவித்தார்கள். ஒட்டு வராத வீட்டுக்கு எத்தனை சுவர் கட்டியும் பிரயோஜனமில்லை. புதுக் கம்ப்யூட்டர் வாங்க முடியாதவர்கள் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். அதற்கு விலையில்லை. அதன் கருவிலேயே தீச்சுவர்ப் பொறி இருக்கிறது. உபுண்டு லினக்ஸில் அதை இயக்கும் யு.எஃப்.டபிள்யூ. என்ற கருவி கூடவே வருகிறது. அணைந்திருக்கும், நாம்தான் போட வேண்டும்.

சுவரால் ஆகாதது

எந்தச் சுவரும் தடுக்காத திருட்டு ஒன்று உண்டு. நாமே கதவைத் திறந்து உள்ளே அழைக்கும் திருட்டு.

திரை முழுவதும் சிவப்பாகி, "வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று வரும். கூப்பிட்டால் இனிமையாகப் பேசுவான். "இந்த மென்பொருளைப் போடுங்கள், நான் இங்கிருந்தே சரி செய்கிறேன்" என்பான். போட்டதும் நம் கம்ப்யூட்டர் அவன் கையில். அல்லது பாங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. எண் கேட்பான். இங்கே எந்தச் சுவர் என்ன செய்யும்? வெளியே போகும் தொடர்பை நாமே தொடங்கினோம். அனுமதியை நாமே கொடுத்தோம். கூட வந்த சுவரும் பேசாமல் நிற்கும், கடைச் சுவரும் பேசாமல் நிற்கும்.

பணம் கட்டிய காவல் இருக்கிறதே என்ற தைரியத்தில் இருப்பவர்கள் இந்த வலையில் இன்னும் சுலபமாக விழலாம். பச்சை விளக்கு எரிகிறது, நமக்கு ஒன்றும் ஆகாது என்ற நினைப்பே ஆபத்து. பணம் பறிபோனால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் கைமாறுவதை நிறுத்த வழியுண்டு.

இன்னொரு எச்சரிக்கை. விலை கொடுக்க முடியாது என்று திருட்டுப் பிரதியாக ஒரு தீச்சுவரைப் போட்டுக்கொடுக்கும் கடைகளும் உண்டு. பூட்டை உடைத்த மென்பொருளோடு எது கூட வருகிறது என்று யாருக்குத் தெரியும்? திருடனைக் கூப்பிட்டுக் காவலுக்கு வைப்பது போன்றது அது.

செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பக்கத்தைத் திறந்து ஃபயர்வால் என்ற பகுதிக்குப் போங்கள். டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று மூன்று வரி இருக்கும். மூன்றும் இயங்க வேண்டும்.

இரண்டு: வெளியிடத்து வைஃபையில் சேரும்போது பப்ளிக் என்பதையே தேர்ந்தெடுங்கள். அப்போது வாசல் இன்னும் இறுக்கமாக அடைபடும்.

மூன்று: ஒரு மென்பொருள் முதல் முதலாக உள்வாசலைத் திறக்கச் சொல்லிக் கேட்டால், என்ன ஏது என்று தெரியாமல் அனுமதிக்காதீர்கள். அனுமதி பெற்றவற்றின் பட்டியலை அவ்வப்போது பாருங்கள். வேண்டாததை நீக்குங்கள்.

நான்கு: அப்டேட்டை நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஐந்து: வீட்டில் இண்டர்நெட் பெட்டி இருந்தால், அதுவே தெருவாசலில் நிற்கும் முதல் காவல். வந்தபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த சாவியால் பூட்டிப் பயனில்லை.

ஆறு: ஏற்கனவே கடைச் சுவர் போட்டிருப்பவர்கள், அது வேண்டாம் என்றால் முறைப்படி நீக்குங்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, சொந்தச் சுவர் எழுந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். சந்தா தானாகவே பாங்கியில் பிடிக்கும்படி எழுதிக்கொடுத்திருக்கிறோமா என்பதையும் பார்த்து ரத்து செய்யுங்கள்.

ரிங்பிரேம் தோழர் வீட்டில் அன்று மாலை இதைத்தான் செய்தோம். கடைச் சுவரை அந்தப் பெண்ணே நீக்கினாள். மூன்று வரியும் இயங்குவதைப் பார்த்தாள். நின்றிருந்த அப்டேட்டைத் தொடங்கினாள். எட்டு மாதத்து ஒட்டு இறங்க இரவு பத்து மணி ஆகிவிட்டது. செலவு மின்சாரம் மட்டும். மறுநாள் பக்கத்து வீட்டுப் பையன் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தானாம். அவனுடையதில் அந்த மூன்று வரியில் ஒன்று அணைந்து கிடந்ததாம்.

தோழர்களே, பயம் காட்டி விற்கிற பொருள் எதுவானாலும் வாங்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த வேலையைச் செய்ய நம்மிடம் ஏற்கனவே ஒன்று இருக்கிறதா? இருந்தால், அது ஏன் சும்மா கிடக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். நாம் குறுக்கே நிற்கவில்லை. மூன்று நாள் கூலி என்பது மூன்று நாள் வியர்வை. அது பயத்துக்குக் கட்டும் வரியாகப் போகக் கூடாது.